தோப்பை விட்டு எது வெளியே போகிறது? சிறு பண்ணையில் வீணாவதைக் குறைக்கும் முழுமையான வழிகாட்டி

உடுமலைப்பேட்டை பக்கம் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு, நாலு கறவை மாடு, வீட்டோடு ஒரு மரச்செக்கு. இதுதான் எங்கள் பண்ணை, பிழைப்பும் இதுதான். எட்டு வருடத்துக்கு முன்பு வரை மாதாமாதம் தோப்பு மூலையில் ஓலையைக் குவித்துக் கொளுத்துவோம். அதே மாதம் கடையில் பொட்டாஷ் மூட்டை வாங்கி மரத்துக்கு வைப்போம். உரிமட்டையை நார் மில்லுக்கு வண்டியேற்றிவிட்டு, மாசி பிறந்ததும் மண்ணில் ஈரமே நிற்கவில்லை என்று கவலைப்படுவோம். இரண்டும் ஒரே கணக்கின் இரு பக்கம் என்று அப்போது தோன்றவில்லை.

ஒரு விஷயம் புரிந்த பிறகுதான் எங்கள் தொழிலே மாறியது. தேங்காய் எண்ணெயில் இருப்பது கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்ற மூன்றுதான். மூன்றையும் மரம் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. மண்ணிலிருந்து எடுத்த பொட்டாசியமும் நைட்ரஜனும் பாஸ்பரசும் புண்ணாக்கிலும் மட்டையிலும் தேங்காய்த் தண்ணீரிலும் தங்கிவிடுகின்றன. ஆக, எண்ணெயை மட்டும் விற்று மற்றதைத் தோப்பிலேயே வைத்துக்கொண்டால் மண்ணிலிருந்து ஏறக்குறைய எதுவும் வெளியே போகாது. முழுத் தேங்காயாக விற்றால் மண்ணையும் கொஞ்சம் சேர்த்தே வண்டியேற்றுகிறோம். நெய்யும் அப்படித்தான். நெய்யை விற்று மோரை வீட்டில் வைத்துக்கொள்பவர் தீவனச் சத்தை வீட்டில் வைத்துக்கொள்கிறார்.

இதற்குச் சுழற்சி வேளாண்மை என்று இப்போது பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் அப்புச்சி காலத்தில் பெயரில்லாமலே பாதி நடந்தது. மீதிப் பாதியைக் கணக்குப் போட்டுச் செய்வது எப்படி என்று, நாங்கள் செய்த வரிசையிலேயே சொல்கிறேன். என் கணக்கு 210 மரத்துக்கும் நாலு மாட்டுக்கும் பொருந்தும். உங்கள் எண்ணிக்கையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன், கட்டுவதற்கு முன், ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு தொங்கு தராசும் போதும். மூன்று பத்தி போடுங்கள். பண்ணைக்குள் வந்தது, காசுக்கு வெளியே போனது, எரிந்தது அல்லது அழுகியது அல்லது ஓடிப்போனது. மூன்றாவது பத்தியை யாரும் எழுதுவதில்லை. வீணாவது எல்லாம் அதில்தான் இருக்கிறது.

எங்கள் முதல் மாத நோட்டு இன்னும் இருக்கிறது. 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம். மரத்துக்கு வருடத்துக்குப் பன்னிரண்டு ஓலை விழுகிறது என்றால் 210 மரத்துக்கு 2,500 ஓலை, நாளொன்றுக்கு ஏழு. மாடு ஒன்றுக்கு 15 கிலோ சாணி, நாலுக்கும் 60 கிலோ. மூத்திரம் மாட்டுக்குப் பத்து லிட்டர் என்று வைத்தால் நாளுக்கு 40 லிட்டர். ஆயிரம் காயை உடைத்தால் ஆயிரம் மட்டை, நூறு லிட்டருக்குக் குறையாத தேங்காய்த் தண்ணீர், 130 முதல் 150 கிலோ கொப்பரை. அந்தக் கொப்பரையை ஆட்டினால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகப் புண்ணாக்கு.

எழுதி முடித்ததும் எங்களைத் திடுக்கிட வைத்தது மூத்திரக் கணக்கு. நாளுக்கு 40 லிட்டர், மாதத்துக்கு 1,200 லிட்டர், அத்தனையும் கட்டுத்தரையிலிருந்து வாய்க்காலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதில் நூற்றுக்கு அரைப் பங்குதான் நைட்ரஜன் என்று குறைத்துப் போட்டாலும் மாதத்துக்கு 6 கிலோ. யூரியாவாகச் சொன்னால் 13 கிலோ. மாதாமாதம் அவ்வளவு யூரியாவைச் சாக்கடையில் கொட்டிவிட்டுக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

உங்கள் நோட்டில் எந்த எண் பெரிதாக நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் மண்புழுத் தொட்டி கட்டினார் என்பதற்காக நீங்களும் அதிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

படி 2: கட்டுத்தரையில் ஒழுகுவதை அடையுங்கள்

விடியற்காலையில் கட்டுத்தரைக்குள் நுழைந்ததும் கண் எரிகிறதா? அதுதான் அம்மோனியா. மூத்திரத்திலுள்ள நைட்ரஜன் காற்றில் ஏறிப் போகிற மணம் அது. மாடு வெளியேற்றும் நைட்ரஜனில் ஏறக்குறைய பாதியும், பொட்டாசியத்தில் பெரும் பகுதியும் மூத்திரத்தில்தான் இருக்கின்றன. சாணியைப் பொன்னாகப் பார்க்கிற நாம் மூத்திரத்தை விட்டுவிடுகிறோம்.

சிமெண்டுத் தரை இருந்தால் பத்தடி நீளத்துக்கு மூன்று அங்குலம் சரிவு இருக்க வேண்டும். சரிவின் முடிவில் கையகல வாய்க்கால், வாய்க்காலின் முடிவில் நிழலில் புதைத்த 200 லிட்டர் டிரம், அதற்கு ஒரு மூடி. மூடி கட்டாயம் வேண்டும். திறந்து கிடந்தால் டிரம்மில் மூத்திரம் இருக்கும், அதிலிருந்த நைட்ரஜன் இருக்காது.

மண் தரைதான் என்றால் இன்னும் எளிது. காய்ந்த ஓலைச் சருகையும் தென்னை நார்த்தூளையும் நாலு அங்குலத்துக்கு விரித்துவிடுங்கள். நார்த்தூள் தன் எடையைப் போல ஐந்து முதல் எட்டு மடங்கு ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். நார்த்தூளில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு நூறு பங்குக்கு மேல் கார்பன் இருக்கிறது, அதனால்தான் அது லேசில் மக்குவதில்லை. மூத்திரத்தில் நைட்ரஜன் தாராளமாக இருக்கிறது, பிடித்து வைக்கத்தான் ஆளில்லை. இரண்டையும் சேர்த்துவிட்டால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்த்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை அள்ளி மக்குகுழியில் போட்டால், மற்ற குப்பையைவிட அது முன்னால் மக்கிக் கறுப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

நாங்கள் செய்த தவறு ஒன்று. டிரம் நிறைந்த உற்சாகத்தில் தண்ணீர் கலக்காமல் அப்படியே கம்பு நேப்பியர் தீவனப்புல் வரப்போரம் ஊற்றிவிட்டோம். மூன்றாம் நாள் தூர் முழுக்கக் கருகி நின்றது. ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலக்க வேண்டும். கட்டுத்தரையைப் பினாயில், பிளீச்சிங் போட்டுக் கழுவுகிற நாளில் அந்தத் தண்ணீர் டிரம்முக்குப் போகாதபடி வாய்க்காலை அடைத்துத் திருப்பிவிடுங்கள். இனி வரும் எல்லாப் படியும் நுண்ணுயிரை நம்பித்தான் இருக்கிறது.

எருக்குழிக்கு மேலே ஓலைப் பந்தல் போடுங்கள். வெயிலும் சத்தை எடுக்கும், மழையும் அரித்துக்கொண்டு போகும்.

படி 3: சாண எரிவாயு, அளவாக

ஒரு கிலோ பச்சைச் சாணி ஏறக்குறைய 40 லிட்டர் எரிவாயு தரும். 25 கிலோவுக்கு ஒரு கன மீட்டர். எங்கள் 60 கிலோவுக்கு 2 கன மீட்டர் கலன் சரியாக இருக்கிறது. தினமும் 50 கிலோ சாணி, 50 லிட்டர் தண்ணீர். மீதிப் பத்துக் கிலோ மற்ற வேலைக்கு. ஒரு கன மீட்டர் சாண எரிவாயு 430 கிராம் சமையல் கேஸுக்குச் சமம் என்பதால், 2 கன மீட்டரில் நாலைந்து பேர் உள்ள வீட்டின் அன்றாடச் சமையல் முடிந்துவிடும்.

பலர் தோற்பது இங்கேதான். மானியம் கிடைக்கிறது என்று பெரிய கலனாகக் கட்டிவிடுகிறார்கள். பிறகு ஒரு மாட்டை விற்கிறார்கள், சாணி போதாமல் கலன் பட்டினி கிடக்கிறது, ஆறே மாதத்தில் அது வெறும் தொட்டி. மாடு குறைகிற மாதத்துச் சாணியைக் கணக்கில் வைத்து அளவை முடிவு செய்யுங்கள்.

கட்டுமானத்தில் இரண்டு வகை நம் ஊரில் புழக்கத்தில் உண்டு. மிதக்கும் டிரம் வகை காதி கிராமத் தொழில் ஆணையம் பரப்பியது. தரைக்கடியில் செங்கல் குவிமாடமாகக் கட்டும் தீனபந்து வகை 1984-இல் வந்தது. டிரம் வகையில் கேஸ் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் தெரியும், ஆனால் இரும்பு துருப்பிடிக்கும். குவிமாடத்துக்கு நல்ல கொத்தனார் வேண்டும், ஒரு விரிசல் விட்டாலும் கேஸ் நிற்காது. இப்போது பைபர் தொட்டிகளும் கிடைக்கின்றன. எதுவானாலும் வெயில் படுகிற இடமாகவும், கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளியும் இருக்கட்டும். மானியம் பற்றி உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள்.

தொடங்கும்போது அவசரம் கூடாது. முதல் நிரப்பு முடிந்து இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். முதலில் வருகிற வாயு எரியாது, அதில் கரியமில வாயுதான் அதிகம். அதை வெளியே விட்டுவிட்டுக் காத்திருங்கள். சாணியைக் கரைக்கும்போது கையை விட்டுத் துழாவிக் கல், மண், வைக்கோல் துண்டை எடுத்துவிடுங்கள். மண் தரைக் கட்டுத்தரைச் சாணியில் மணல் இருக்கும், கரைத்த தொட்டியில் பத்து நிமிடம் விட்டால் அடியில் தங்கிவிடும். மார்கழியில் கேஸ் குறையும். காலை பத்து மணிக்கு மேல் வெயிலில் சூடேறிய தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள்.

ஒன்றை மட்டும் வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்: காலியான கலன்தானே என்று யாரும் உள்ளே இறங்கக் கூடாது. அங்கே தேங்கும் வாயு நினைவு தப்பவைத்து ஆளைக் கொன்றுவிடும். காப்பாற்ற இறங்குகிறவரையும் சேர்த்தே கொல்லும்.

கேஸைவிட எங்களுக்குப் பெரிய லாபம் ஸ்லரிதான், அதாவது கேஸ் எடுத்த பிறகு கலனிலிருந்து வெளியே வரும் சாணிக் கரைசல். தினமும் ஏறக்குறைய 100 லிட்டர் வெளியே வருகிறது. மரத்துக்கு 20 லிட்டர், ஒரு நாளுக்கு ஐந்து மரம். 42 நாளில் 210 மரமும் முடிந்து மறுபடி முதல் மரத்துக்கு வருகிறோம். மரத்தைச் சுற்றியுள்ள வட்டப்பாத்தியில் தண்டிலிருந்து நாலடி தள்ளி ஊற்றி மேலே சருகு மூட வேண்டும். எத்தனையாவது மரத்தில் நிற்கிறோம் என்று தெரிய அந்த மரத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கிறோம். துணி தினமும் ஐந்து மரம் நகரும்.

படி 4: ஓலையை எரிப்பதை நிறுத்துங்கள்

ஓலையை எரித்தால் நைட்ரஜனும் கார்பனும் புகையோடு போய்விடும். சாம்பலில் பொட்டாசியம் நிற்கும், ஆனால் குவித்து எரித்த அந்த ஒரு மூலையில் மட்டும் நிற்கும்.

முதல் வேலை மூடாக்கு, அதாவது மண்மேல் ஓலையைப் பரப்பி மூடுவது. வட்டப்பாத்தியில் ஆறடி ஆரத்துக்கு, மரத்துக்குப் பதினைந்து காய்ந்த ஓலை என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. 210 மரத்துக்கு 3,150 ஓலை வேண்டும். நம்மிடம் விழுவது 2,500. அதாவது மூடாக்குக்கே போதாது. வருடக்கணக்கில் "ஓலையை என்ன செய்வது" என்று கேட்டுக்கொண்டிருந்த வீட்டில், இந்தக் கணக்கைப் போட்ட அன்றைக்கு ஓலைக்குப் பற்றாக்குறை என்று தெரிந்தது.

அதனால் என் தீர்மானமான கருத்து இது: தென்னை மட்டும் வைத்திருப்பவருக்கு மண்புழு உரத் தொட்டி அவசரமில்லை. மூடாக்குப் போட்டுவிட்டு மிச்சமிருந்தால், அல்லது காய்கறித் தோட்டமும் நாற்றுப் பண்ணையும் இருந்தால் செய்யுங்கள்.

செய்வதாக இருந்தால் முறை இது. தடித்த அடிமட்டையை வெட்டி விறகுக்கு எடுத்துவிடுங்கள். ஈர்க்குச்சி சீமாறுக்குப் போகட்டும். கீற்றை மட்டும் நறுக்கி, எடையில் பத்தில் ஒரு பங்கு சாணிக் கரைசல் தெளித்து, இரண்டு மூன்று வாரம் நிழலில் குவித்து வைக்க வேண்டும். உள்ளே கைவிட்டால் சுடும். சூடு அடங்கிய பிறகுதான் புழு, டன்னுக்கு ஒரு கிலோ, ஏறக்குறைய ஆயிரம். சாதாரண மண்புழு தென்னை ஓலையைத் தொடத் தயங்கும். தென்னை ஓலையைத் தின்னும் யூட்ரிலஸ் இனப் புழுவைக் காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறது. அந்த வகையைக் கேட்டு வாங்குங்கள். ஈரம் எவ்வளவு என்பதற்குக் கைதான் அளவு: ஒரு பிடி எடுத்து அழுத்தினால் விரலிடுக்கில் ஈரம் மினுங்க வேண்டும், சொட்டக் கூடாது. எறும்பு ஏறாமல் தொட்டியைச் சுற்றி ஒரு தண்ணீர் வாய்க்கால். மூன்று மாதத்தில் காப்பித்தூள் போல உதிரும்.

பூச்சி மருந்து (குடற்புழு நீக்க) கொடுத்த மாட்டின் சாணியை நாங்கள் இரண்டு வாரத்துக்குப் புழுத் தொட்டியில் போடுவதில்லை. அந்த மருந்துகளில் சில சாணியோடு வெளியேறிப் புழுக்களையும் சாணி வண்டுகளையும் பாதிக்கும்.

காண்டாமிருக வண்டு: இதைப் படிக்காமல் எருக்குழி போடாதீர்கள்

சுழற்சி வேளாண்மை என்று பேசுகிற பலர் சொல்லாமல் விடுவது இது. எருக்குழியும் மக்குகிற தென்னைக் கழிவும் காண்டாமிருக வண்டின் பிரசவ அறை. எங்கள் இரண்டாம் வருடத்தில் நாலு வயதுத் தென்னம்பிள்ளைகளில் கொழுந்தோலை விரியும்போது கத்தரியால் வெட்டிய விசிறிபோல் விரிந்தது. குழியைக் கிளறினால் கட்டைவிரல் தடிமனில், சுருண்டு, வெள்ளையாக, தலை மட்டும் பழுப்பாகப் புழுக்கள். ஒரு மண்வெட்டி அள்ளலில் ஏழு எண்ணினேன். வீணாவதைக் குறைக்கிறோம் என்று வண்டை வளர்த்திருந்தோம்.

அந்தப் புழு வண்டாக மாற மாதக்கணக்கில் ஆகும். அதுதான் நமக்குக் கிடைக்கிற அவகாசம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குழியைப் புரட்டிப் புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள், கோழிகள் மண்வெட்டிச் சத்தம் கேட்டாலே ஓடி வரும். எருக்குழியில் ஈரம் இருக்கும்போது மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையைத் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். அது புழுவைப் பிடித்துக் கொல்லும். தோப்பில் அங்கங்கே மண்பானையில் ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறப்போட்டு வைத்தால் வண்டு வாசனைக்கு வந்து விழும். பட்டுப்போன மரத்தை அடியோடு எடுத்துவிடுங்கள். நிற்கிற பட்ட மரமும் அதற்கு ஒரு எருக்குழிதான். தரையோடு காய்ந்து பரவிக் கிடக்கும் மூடாக்கில் இந்தத் தொல்லை குறைவு. ஈரமாகக் குவிந்து கிடப்பதுதான் ஆபத்து.

படி 5: உரிமட்டையும் நார்த்தூளும்

மட்டையை நார் மில்லுக்கு விற்றால் உடனே காசு. அதை நான் தவறென்று சொல்லவில்லை. ஆனால் மட்டையில் இருப்பது தோப்பின் பொட்டாசியம் என்று தெரிந்து விற்க வேண்டும். மில்லில் நார் பிரித்த பிறகு மிஞ்சும் தூளைச் செடி வளர்க்கிற கட்டியாக வெளிநாட்டுக்கு அனுப்ப, முதலில் நல்ல தண்ணீரில் கழுவி உப்பை எடுப்பார்கள். அந்த உப்பில் பெரும்பகுதி பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும்தான். நாம் காசு கொடுத்து வாங்குகிற அதே பொட்டாசியம் அங்கே கழுவிய தண்ணீரில் போகிறது. அப்படிக் கழுவிவிடும் தண்ணீரால் கிணறு கெடுகிறது என்று பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்தில் வருடக்கணக்காக விவசாயிகள் முறையிட்டு வருகிறார்கள்.

நாங்கள் ஒவ்வொரு வெட்டிலும் பாதி மட்டையை விற்கிறோம், பாதியை நிறுத்திக்கொள்கிறோம். நிறுத்தியதைப் புதைக்கும் முறை: மரத்திலிருந்து ஐந்தடி தள்ளி வட்டமாக, ஒரு அடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழி. மரத்துக்கு நூறு மட்டை. புதைக்கும்போது குழிந்த பக்கம் மேலே பார்க்க வேண்டும், அப்போதுதான் கிண்ணம்போலத் தண்ணீரை ஏந்தும். புதைக்காமல் மேலே மூடாக்காகப் பரப்பினால் நேர்மாறு: குவிந்த பக்கம் மேலே, குழிந்த பக்கம் மண்ணைப் பார்த்து. அப்படி வைத்தால் அடியில் நிழலும் ஈரமும் நிற்கும், கொசு முட்டையிடத் தண்ணீரும் தேங்காது. ஆட்களிடம் வேலையை விட்டுவிட்டுப் போனால் இது மாறிவிடும், முதல் மரத்துக்காவது கூட நின்று காட்டுங்கள். ஒருமுறை புதைத்தால் ஐந்து முதல் ஏழு வருடம் வரை பலன் உண்டு. வருடத்துக்கு முப்பது மரம் என்று வைத்தால் ஏழு வருடத்தில் ஒரு சுற்று.

நார்த்தூள் உங்களிடமே இருந்தால் மக்கவைக்கலாம். ஒரு டன் தூளுக்கு ஐந்து கிலோ யூரியா, ஐந்து புட்டி சிப்பிக்காளான் வித்து. அடுக்கடுக்காகப் போட்டு, நிழலில், ஈரம் காயாமல் அறுபது நாள். தூள் கறுத்து, கையில் பாரமில்லாமல் இருக்கும். கட்டுத்தரைப் படுக்கையாகப் போட்டு மூத்திரத்தில் ஊறிய தூளுக்கு யூரியா தேவைப்படவில்லை, இது எங்கள் அனுபவம்.

கொட்டாங்குச்சியை எங்கள் பக்கம் தொட்டி என்போம். அதைக் கரிக்காரருக்குக் கொடுப்பதற்கு முன் கொப்பரை உலர்த்த எரித்துப் பாருங்கள். தொட்டியையே எரிபொருளாக வைத்துப் புகை படாமல் உலர்த்தும் சிறிய உலர்த்தி, காசர்கோட்டு நிலையம் வடிவமைத்தது. வெயிலில் ஐந்து முதல் ஏழு நாள் ஆகிற வேலை ஏறக்குறைய ஒரு நாளில் முடியும். மழை நாளில் பூஞ்சை பிடித்துக் கொப்பரை வீணாவதும் நின்றது.

படி 6: செக்கடியில் மிஞ்சுவது

புண்ணாக்கு மாட்டுக்கு. தேங்காய்ப் புண்ணாக்கில் நூற்றுக்கு இருபது பங்கு புரதம் உண்டு. மாட்டுக்கு ஒரு கிலோ வரை, மற்ற தீவனத்தோடு கலந்து கொடுக்கிறோம். அப்புறம் ஒன்று, செக்குக்காரர்களுக்காகச் சொல்கிறேன்: கந்தகப் புகை போட்ட கொப்பரையை வெளியிலிருந்து வாங்கி ஆட்டாதீர்கள். எண்ணெய் வாங்குகிறவருக்கும் கெடுதல், புண்ணாக்குத் தின்கிற மாட்டுக்கும் கெடுதல். புண்ணாக்கை மூன்று வாரத்துக்கு மேல் அடுக்கி வைக்காதீர்கள். காறல் வாசனை வந்துவிட்டால் மாட்டுக்கு வேண்டாம், குழிக்குப் போகட்டும்.

காய் உடைக்கிற நாளில் தேங்காய்த் தண்ணீர் தரையில் ஓடிப் புளித்து ஈ மொய்க்கும். இப்போது களத்தில் ஒரு ஓரமாகச் சரிவு வைத்து டிரம்மில் பிடிக்கிறோம். ஒரு பகுதி புளித்த மோரோடு சேர்ந்து ஏழு நாளில் தேமோர் கரைசலாகிறது, காய்கறி பூக்கிற பருவத்தில் தண்ணீர் கலந்து தெளிக்க. மீதி மக்குகுழிக்கு.

தண்ணீரில் மிதந்து வளரும் பெரணிச் செடியான அசோலா சின்ன வேலை, ஆனால் தினப்படி பலன். ஆறரை அடிக்கு ஆறரை அடியில் தார்ப்பாய்த் தொட்டி, தென்னை நிழலில். பத்துப் பதினைந்து கிலோ சலித்த மண், இரண்டு கிலோ சாணி, 30 கிராம் சூப்பர் பாஸ்பேட், பத்து சென்டிமீட்டர் தண்ணீர், ஒரு கிலோ விதை அசோலா. இரண்டு வாரத்தில் தினமும் அரைக் கிலோ அள்ளலாம். கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் நார்டெப் மையம் மாட்டுத் தீவனமாக இதைப் பரப்பிய முறை இது. நாங்கள் சாணிக்குப் பதில் ஸ்லரியே ஊற்றுகிறோம். நன்றாக அலசிக் கொடுங்கள், சாணி வாசனை இருந்தால் மாடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நாலு மாட்டுக்கு ஒரு தொட்டி போதாது, நாலு தொட்டி வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் அசோலா சிவந்து குறையும், அப்போது நிழல் வலை கட்டுங்கள்.

படி 7: விற்பதை மாற்றுங்கள்

முதலில் சொன்னதுக்கே வருகிறேன். எதை விற்கிறோம் என்பதை மாற்றாமல் கழிவை மட்டும் சீர்செய்தால் பாதிதான் கிடைக்கும். தேங்காயாக, மட்டையோடு, மொத்த வியாபாரிக்குக் கொடுத்த காலத்தில் தோப்பிலிருந்து போன வண்டி முழுச் சத்தோடு போனது. இன்று எங்கள் காயில் முக்கால்வாசி செக்குக்குப் போகிறது. அந்தக் காயில், விற்கிற பாதி மட்டை போக, எண்ணெய் மட்டும்தான் வாசலைத் தாண்டுகிறது; மாட்டிலிருந்து கொஞ்சம் நெய்யும் பாலும். வேலை அதிகம், மறுக்கவில்லை. செக்கு இல்லாதவர்கள் பக்கத்துச் செக்கில் கூலிக்கு ஆட்டி, புண்ணாக்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூலிக்குப் பதிலாகப் புண்ணாக்கை விட்டுக்கொடுக்கிற வழக்கம் பல ஊரில் இருக்கிறது. கூலியைக் காசாகக் கொடுத்துவிடுவது நல்லது.

எண்ணெய்க்கு வீட்டிலிருந்து தூக்குப் பாத்திரம் கொண்டுவருகிறவர்களுக்கு லிட்டருக்குச் சிறு தொகை குறைத்துக் கொடுக்கிறோம். பிளாஸ்டிக் புட்டி வாங்குகிற செலவு பாதியானது.

மண்புழு உரத்தை மூட்டை கட்டி விற்கும் எண்ணமிருந்தால், 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் அதற்கும் தர அளவு உண்டு என்பதை மறக்க வேண்டாம். வேளாண்மை அலுவலகத்தில் கேட்டுவிட்டே பெயர் அச்சடியுங்கள். அதைவிட, அந்த உரம் உங்கள் மண்ணுக்கு வேண்டாமா என்று முதலில் பாருங்கள்.

சுற்றக் கூடாதவை

உப்புத் தண்ணீர் போர் இருக்கிற தோட்டத்தில் எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப உள்ளேயே போட்டால் உப்பும் சேரும். வருடத்துக்கு ஒரு மண் பரிசோதனை, அதில் உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துத் திறனையும் பாருங்கள். சொட்டுநீர்க் குழாய்த் துண்டு, சாக்கு நூல், மருந்துப் புட்டி இவை எருக்குழிக்கு வரவே கூடாது. மண்ணில் ஒருமுறை கலந்த பிளாஸ்டிக் சாக்கு நூலைப் பொறுக்கி முடியாது, எங்கள் வடக்கு மூலையில் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. குழாய்த் துண்டுகளைச் சேர்த்து வைத்து மறுசுழற்சிக்காரருக்கு எடைக்குப் போடுங்கள்.

ரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். நெட்டைத் தென்னைக்கு வருடத்துக்கு 50 கிலோ தொழுஉரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. 210 மரத்துக்குத் தொழுஉரம் மட்டும் பத்தரை டன். நாலு மாட்டின் வருடச் சாணி, ஸ்லரியாகத் திரும்புவதும் சேர்த்து, 22 டன், மக்கினால் ஏறக்குறைய பாதி. கணக்கு பொருந்துகிறது. ஆனால் பொட்டாஷை மண் பரிசோதனை பார்த்து, முதல் வருடம் கால் பங்கு, மறு வருடம் பாதி என்றுதான் குறைத்தோம். குறைத்த வரிசையில் பத்து மரத்தைக் குறையாமல் விட்டு, காய் எண்ணிக்கையை ஒப்பிட்டுக்கொண்டே வந்தோம்.

எந்த மாதம் எதைத் தொடங்குவது

தை மாதம் நோட்டைத் தொடங்குங்கள். பால் கணக்கும் வெட்டுக் கணக்கும் தெளிவாக இருக்கிற காலம். மாசியில் கட்டுத்தரைச் சரிவும் டிரம்மும். பங்குனி, சித்திரை மூடாக்குக்கு, கோடை முற்றுவதற்குள் போட்டுவிட வேண்டும். வைகாசியில் எரிவாயுக் கலன் கட்டினால் மழைக்கு முன் பூச்சு காய்ந்துவிடும், வெயில் இருக்கும்போதே நுண்ணுயிரும் பெருகிவிடும். ஆடியில் எருக்குழியைப் புரட்டுங்கள், வண்டுப் புழுவைப் பொறுக்குங்கள். ஆவணியில் அசோலா. புரட்டாசியில், ஐப்பசி மழை இறங்குவதற்கு முன்னால், முப்பது மரத்துக்கு மட்டைக் குழி. குழி வெட்ட ஆள் கிடைப்பது அப்போது கடினம், ஆடியிலேயே சொல்லி வையுங்கள்.